ஒரு 'ஆட்' காணாமல் போன கதை

அந்த ரேக்கை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. லேப் மூலையில், ஏசிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு, அதில் ஒரு பூட்டு. உள்ளே பச்சை லைட் மினுக்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னாடி உட்கார்ந்துதான் நாம எல்லாரும் நெட்வொர்க்ஸ் லேப் ரெக்கார்ட் எழுதினோம். ஆனா அந்தக் கதவைத் திறந்து உள்ளே இருக்கிற ஸ்விட்சைத் தொட்டவங்க நம்ம பேட்ச்ல எத்தனை பேர்? நான் கேட்டுப் பார்த்த வரைக்கும் என்னையும் சேர்த்து மூணு பேர். நான் தொட்டது எப்படி முடிஞ்சதுன்னுதான் இங்கே எழுதப் போறேன். கொஞ்சம் வெட்கமான கதை. ஆனா அதைச் சொல்லாம நேரா கருத்து மட்டும் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

கருத்து இதுதான். ஒரு மேனேஜ்டு ஸ்விட்சைக் காலி பண்ணி, முதல்ல இருந்து கான்ஃபிகர் பண்ணி, ஒரு தடவையாவது கெடுத்து, திரும்பச் சரி பண்ணாம யாரும் 'நெட்வொர்க்கிங் தெரியும்'னு ரெஸ்யூமில் போடக் கூடாது. நான் போட்டிருந்தேன். மூணாவது வருஷமே போட்டிருந்தேன், 'விலான் கான்ஃபிகரேஷன்'னு, நல்ல பெரிய எழுத்தில். அப்போ நிஜ ஸ்விட்சோட கன்சோல் போர்ட் எந்தப் பக்கம் இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது.

வேற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். கடையில் வாங்குற சாதாரண ஸ்விட்ச் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் மாதிரி. கேபிளைச் சொருகினா வேலை செய்யும், அதுக்கு மேல அதுகிட்ட எதுவும் கேட்க முடியாது. போன வருஷம் எங்க ஹாஸ்டல் பிளாக்ல ஒரு ராத்திரி முழுக்க நெட் போச்சு ஞாபகம் இருக்கா? யாரோ ஒரு புண்ணியவான், தரையில் தொங்கின கேபிள் முனையைப் பார்த்து, பாவம்னு எடுத்து அதே பெட்டியில் இன்னொரு போர்ட்ல சொருகிட்டார். கேபிளோட ரெண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்ல. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஐபி பாக்கெட் மாதிரி 'இத்தனை தடவை தாண்டினதும் செத்துப் போ' என்கிற கணக்கு கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் உள்ளே போனா சுத்திக்கிட்டே இருக்கும், பெருகிக்கிட்டே இருக்கும், கடைசியில் வேற எதுக்கும் இடம் இருக்காது. இதுக்கு 1985லேயே மருந்து கண்டுபிடிச்சாச்சு. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ல வேலை பார்த்த ரேடியா பெர்ல்மேன் கொடுத்த ஸ்பேனிங் ட்ரீ, சுத்துப் பாதையைக் கண்டுபிடிச்சு ஒரு போர்ட்டை மட்டும் தானா அடைச்சுடும். மேனேஜ்டு ஸ்விட்ச்ல அது இருக்கும். ஹாஸ்டல்ல இருந்த மலிவான பெட்டியில் அது இல்லை.

அதோட விலான். ஒரே ஸ்விட்சைப் பல ஸ்விட்ச் மாதிரி பிரிக்கிற வேலை. ஸ்டாஃப் ஒரு விலான், லேப் ஒரு விலான், கேமரா ஒரு விலான். ஒரு ஸ்விட்ச்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது எல்லாம் ஒரே கேபிள்லதான் போகும். அந்தக் கேபிள் சொருகின போர்ட்டுக்கு ட்ரங்க்னு பேர். எந்த ஃப்ரேம் எந்த விலான்னு தெரியறதுக்காக ஒவ்வொண்ணு மேலயும் 4 பைட்ல ஒரு டேக் ஒட்டி அனுப்பும். இதெல்லாம் யூனிட் 2ல் படிச்சதுதான். படம் கூட வரைஞ்சிருப்பீங்க. 13 மார்க்.

இப்போ கதைக்கு வர்றேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ரெண்டாவது மாடி லேப்ல நாலு ராஸ்பெர்ரி பை போர்டு வைக்கணும், அதுக்குத் தனியா ஒரு விலான் வேணும். கைடு ஓகே சொல்லிட்டார். லேப்ல வேலை பார்க்கிற அண்ணா (பேர் வேண்டாம், உங்க எல்லாருக்கும் தெரியும்) ரேக் சாவியைக் கொடுத்தார், பாஸ்வேர்டை அவரே அடிச்சுக் கொடுத்தார். பக்கத்துல நின்னு பார்த்தார். அந்த முதல் நாள் ஒரு ரெண்டு மணி நேரம் எனக்கு வாழ்க்கையில் மறக்காது.

முதல் பாடம் கேபிள். வெளிர் நீல நிறத்தில் தட்டையா இருக்குமே, அந்தக் கன்சோல் கேபிள். ஒரு முனை ஆர்ஜே45, இன்னொரு முனை பழைய சீரியல் போர்ட்டுக்கானது. நம்ம லேப்டாப்ல எதுலயும் அந்த போர்ட் கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கினேன். டூப்ளிகேட் சிப், விண்டோஸ் டிரைவர் அதை ஏத்துக்கவே இல்லை. திரும்பப் போய் மாத்தினேன். புட்டி திறந்தா திரை முழுக்கக் கிறுக்கல், ஏதோ வேற கிரகத்து மொழி மாதிரி. ஸ்பீடை 9600க்கு மாத்தினதும் அந்தக் கிறுக்கல் எல்லாம் எழுத்தா மாறிச்சு. ஒரு கமாண்டைத் தப்பா அடிச்சேன். ஸ்விட்ச் அதை ஏதோ கம்ப்யூட்டர் பேருன்னு நினைச்சு, ஊரெல்லாம் தேடப் போயிடுச்சு. திரை அப்படியே நின்னுடுச்சு. அண்ணா சிரிச்சுக்கிட்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூணையும் சேர்த்து அமுக்கினார். 'இது எந்தப் புக்லயும் இல்லையே அண்ணா'ன்னு கேட்டேன். 'எனக்கும் யாரும் சொல்லித் தரல தம்பி'ன்னார்.

அன்னைக்கு விலான் 30 உருவாக்கி, நாலு போர்ட்டையும் அதுல சேர்த்தாச்சு. ட்ரங்க் போர்ட் வேலை மட்டும் பாக்கி. மணி அஞ்சாச்சு, பஸ் கிளம்பிடும்.

மறுநாள் காலை, மூணாவது மாடி ப்ராஜெக்ட் லேப்ல உட்கார்ந்து, எஸ்எஸ்ஹெச் வழியா அதே ஸ்விட்சுக்குள்ள போனேன். ரெண்டு மாடி இறங்கி ஏற சோம்பேறித்தனம், வேற காரணம் இல்லை. ட்ரங்க் போர்ட்ல ஏற்கெனவே ரெண்டு விலானுக்கு அனுமதி இருந்துச்சு. 20, அது லேப் சிஸ்டங்களுக்கு. 99, அது ஸ்விட்சை மேனேஜ் பண்றதுக்கு, அதாவது நான் உள்ளே வந்த வழி. அதோட 30ஐயும் சேர்க்கணும். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அல்லௌட் விலான் 30'ன்னு அடிச்சு எண்டர் தட்டினேன்.

கர்சர் நின்னுடுச்சு. திரும்ப எண்டர் தட்டினேன். ஒண்ணும் இல்லை. வைஃபை போச்சோன்னு பார்த்தேன், இல்லை, யூட்யூப் ஓடுது. அப்போ கீழ் மாடியில் இருந்து சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவது வருஷப் பசங்களுக்கு அங்கே ஆன்லைன் டெஸ்ட் நடந்துக்கிட்டு இருந்துச்சு. 42 சிஸ்டம். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கேட்கலை.

அந்தக் கமாண்ட்ல ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. '…அல்லௌட் விலான் ஆட் 30'ன்னு அடிச்சிருக்கணும். 'ஆட்' இல்லைன்னா, இருக்கிற லிஸ்டோட சேர்க்காது, லிஸ்டையே தூக்கிட்டு 30 ஒண்ணை மட்டும் வைக்கும். ரீலோட் பண்ணச் சொன்னா 'நிச்சயமா?'ன்னு கேட்கிற அதே ஸ்விட்ச், இதுக்கு ஒரு வார்த்தை கேட்காது. 20 போச்சு, அதோட அந்த லேப் போச்சு. 99 போச்சு, அதோட நானும் வெளியே போயிட்டேன். உட்கார்ந்த கிளையை அடியில் இருந்து வெட்டினவன் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். நான் அதை எஸ்எஸ்ஹெச்ல பண்ணினேன்.

நான் கீழே ஓடிப் போறதுக்குள்ள அண்ணா ரேக்கைத் திறந்துட்டார். கன்சோல் கேபிள் என் பேக்ல, பேக் மேல் மாடியில். அவர் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணினார். பவர் கார்டைப் பிடுங்கி, திரும்பச் சொருகினார். நான் சேவ் பண்ணியிருக்கலை, அதனால ஸ்விட்ச் பழைய கான்ஃபிகரேஷனோட எழுந்துச்சு. வழக்கமா சேவ் பண்ண மறந்துட்டா அதுதான் தப்பு. அன்னைக்கு அந்தத் தப்புதான் காப்பாத்துச்சு. ஆனா ஸ்விட்ச் எழுந்திருக்கிறதுக்கே சில நிமிஷம் ஆகும். அதுக்கப்புறம் ஒவ்வொரு போர்ட்டும் ஸ்பேனிங் ட்ரீ கணக்குல 15 செகண்ட் கேட்டு, 15 செகண்ட் கத்துக்கிட்டு, அப்புறம்தான் திறக்கும். போர்ட்ஃபாஸ்ட்னு ஒரு வரி போட்டிருந்தா அந்த 30 செகண்ட் மிச்சம். யாரும் போட்டிருக்கலை. எல்லாம் சேர்த்து 11 நிமிஷம். சில பசங்களுக்குக் கடைசிப் பகுதியோட பதில் எல்லாம் போயிடுச்சு, அவங்களுக்குத் திரும்ப டெஸ்ட் வச்சாங்க.

திட்டு வாங்கினது நான் இல்லை. அண்ணாதான். 'எக்ஸாம் நேரத்துல யாரு பவரை ஆஃப் பண்ணச் சொன்னா?'ன்னு அவரை எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. சரி பண்ணின மனுஷனைக் கெடுத்தவர்னு நினைச்சுட்டாங்க, ஏன்னா எல்லாரும் பார்த்தது அவர் பவர் கார்டைப் பிடுங்கினதைத்தான். நான் அங்கேதான் நின்னேன். வாயைத் திறக்கலை. நான் 'ஆட்' போடாததுக்கு அவர் பலி ஆடு ஆனார். (என் ரூம்மேட் இந்த வரியைப் படிச்சுட்டு ஒரு வாரமா என்னை ஆடுன்னுதான் கூப்பிடுறான். கூப்பிடட்டும்.)

மறுநாள் காலை ஹெச்ஓடி ரூமுக்குப் போய்ச் சொன்னேன். அந்த ஒரு ராத்திரி ஏன் ஆச்சுன்னு கேட்காதீங்க. இன்டர்னல் மார்க், ப்ராஜெக்ட், லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன், எல்லாம் ஓடிச்சு மண்டையில்.

சொல்லிட்டு நேரா அண்ணாகிட்ட போனேன். 'அப்படி என்னதான் தம்பி அடிச்சீங்க?'ன்னு கேட்டார். எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். 'அண்ணா, ஓவர்ரைட் ஆயிடுச்சு, அப்பெண்ட் ஆகலை'ன்னு ஏதேதோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டார்: 'அதாவது, முப்பதையும் ஏத்துன்னு சொல்லாம, முப்பதை மட்டும் ஏத்துன்னு சொல்லிட்டீங்க. அவ்வளவுதானே?'

அவ்வளவுதான். முப்பதையும், முப்பதை மட்டும். நாலு வருஷத்துல எந்த ஸ்லைடும் எனக்கு இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை. இப்போ அந்தக் கமாண்டை அடிக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிட்டுத்தான் அடிக்கிறேன். இதை நீங்களும் செஞ்சு பாருங்க.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒரு சர்க்குலர் வந்துச்சு. இனிமேல் மாணவர்கள் ரேக் பக்கமே போகக் கூடாது. சாவி ஆபீஸ்ல இருக்கும். அண்ணாவே கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கணும். என்னால வந்த தண்டனையில் பாதி இன்னைக்கும் அவர்தான் அனுபவிக்கிறார்.

இந்த இடத்தில்தான் நான் நிர்வாகத்தோட ஒத்துப் போகலை. நடந்தது என் தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஓடிக்கிட்டு இருக்கிற நெட்வொர்க்கோட பாஸ்வேர்டை மாணவர்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னா, அதுவும் சரிதான். ஸ்விட்சுக்குள்ள போனவன் ஒரு போர்ட்ல ஓடுற டிராஃபிக்கை இன்னொரு போர்ட்டுக்குக் காப்பி பண்ணி, அடுத்தவங்க என்ன பண்றாங்கன்னு பார்க்க முடியும். நம்மள்ல எத்தனை பேர் அதைச் செய்யாம இருப்போம்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. ஆனா 'தொட்டான், கெட்டுச்சு, அதனால இனி யாரும் தொடக் கூடாது' என்கிற முடிவு தப்பு. நான் கெடுத்தது ஏன்? நிறைய தொட்டதாலயா? இல்லை. நிஜ ஸ்விட்சை நான் தொட்ட ரெண்டாவது நாள் அது.

நம்ம நெட்வொர்க்ஸ் லேப் லிஸ்டை எடுத்துப் பாருங்க. சாக்கெட் புரோகிராம் இருக்கு, டிசிபி டம்ப் இருக்கு, வயர்ஷார்க் இருக்கு, சிஆர்சி கோட் இருக்கு, சிமுலேட்டர் இருக்கு. ஒரு ஸ்விட்சைக் கையில் எடுத்துக் கேபிள் சொருகுன்னு ஒரு இடத்துலயும் இல்லை. ஆர்வம் இருக்கிறவங்க தானாப் பேக்கெட் ட்ரேசர் கத்துக்கிறோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், இலவசமா கிடைக்குது, விலானும் ஸ்பேனிங் ட்ரீயும் எனக்குப் புரிஞ்சதே அதுலதான். 'ஆட்' போடலைன்னா பேக்கெட் ட்ரேசர்லயும் இதேதான் நடக்கும். ஆனா நான் கவனிச்சதே இல்லை, ஏன்னா அங்கே ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஸ்விட்சை இழுத்துப் போட்டுத்தான் ஆரம்பிப்போம். ஏற்கெனவே யாரோ கான்ஃபிகர் பண்ணி வச்ச, யாரோ உபயோகிச்சுக்கிட்டு இருக்கிற ஸ்விட்ச்ல கை வைக்கிற அனுபவம் அங்கே வராது. வேலைக்குப் போனா நமக்குக் கிடைக்கப் போறதெல்லாம் அந்த மாதிரி ஸ்விட்ச்தான். வேற கம்பெனிப் பெட்டி கையில் வந்தா இன்னும் மோசம். சிஸ்கோல 'ட்ரங்க்'னா பல விலான் போற போர்ட். ஹெச்பி ப்ரோகர்வ்ல அதே வார்த்தைக்கு ரெண்டு மூணு கேபிளைச் சேர்த்து ஒண்ணா கட்டறதுன்னு அர்த்தம். மனப்பாடம் பண்ணினவன் அங்கே மாட்டுவான்.

கெடுத்தப்புறம் தேடித் தேடிப் படிச்சதில் தெரிஞ்ச ஒரு விஷயம் என்னைக் கொஞ்சம் கோபப்படுத்துச்சு. தூரத்துல இருந்து ஸ்விட்சை மாத்தறதுக்கு முன்னாடி, இருக்கிறதை சேவ் பண்ணிட்டு, 'ரீலோட் இன் 10'னு அடிச்சுடலாம். 10 நிமிஷத்துல தானா ரீஸ்டார்ட் ஆகும். மாத்தினது நல்லபடியா இருந்தா 'ரீலோட் கேன்சல்' அடிச்சுட்டு சேவ் பண்ணிக்கலாம். நம்மளே வெளியே மாட்டிக்கிட்டா, சும்மா உட்கார்ந்து டீ குடிச்சா போதும், பழைய கான்ஃபிகரேஷனோட அதுவே திரும்ப வரும். ஜூனிப்பர் பெட்டிகள்ல இன்னும் அழகு. நாம அடிக்கிறது எதுவும் கமிட் பண்ற வரைக்கும் அமலுக்கே வராது. 'கமிட் கன்ஃபர்ம்டு'ன்னு போட்டா, 10 நிமிஷத்துல நாம உறுதி பண்ணலைன்னா தானா பழைய நிலைமைக்குப் போயிடும். அதாவது என்னை மாதிரி தப்புப் பண்றவங்க உலகம் பூரா இருக்காங்கன்னு தெரிஞ்சு, அதுக்குன்னே வழி பண்ணி வச்சிருக்காங்க. நம்ம பாடத்துலதான் அந்த ஒரு வரி இல்லை. அங்கே எல்லா கான்ஃபிகரேஷனும் முதல் தடவையே சரியா வந்துடும், ரெக்கார்ட் நோட்ல 'தஸ் தி அவுட்புட் வாஸ் வெரிஃபைட்'னு முடிஞ்சுடும்.

போன மாசம் அண்ணா என்னைக் கூப்பிட்டார். ஸ்டோர் ரூம்ல கண்டம் பண்ணின சாமான்ல பழைய ஸ்விட்ச் நாலு கிடக்கு, எல்லாம் 2960, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஹெச்ஓடிகிட்ட அவரே பேசி, 'நெட்வொர்க்ல சேர்க்க மாட்டோம்'னு சொல்லி ஒண்ணை வாங்கி வச்சிருந்தார். என்கிட்ட திட்டு வாங்கிக் கொடுத்தவன்கிற கோபம் கொஞ்சம் கூட அவர்கிட்ட இல்லை.

முன்பக்கம் இருக்கிற மோட் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவர் கொடுத்தா, ஸ்விட்ச் பாதி தூக்கத்துல எழுந்து நிக்கும். ஃப்ளாஷைத் திறந்து, பாஸ்வேர்டு இருக்கிற கான்ஃபிக் ஃபைலோட பேரை மாத்திட்டு பூட் பண்ணினா, அது தன்னைப் புதுசுன்னு நினைச்சுக்கும். பழைய ஃபைல் உள்ளேயே பத்திரமா இருக்கும். அதைத் திறந்து படிச்சோம்.

24 போர்ட்டுக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதியிருந்துச்சு. எந்த போர்ட் எந்த ரூம், எந்த மேஜை, சுவர்ல எத்தனாவது பாயிண்ட். ட்ராயிங் ஹாலுக்குப் போற போர்ட்டுக்கு எதிரே, கேபிள் பழசு, மாத்தணும்னு ஒரு குறிப்பு. அந்த ட்ராயிங் ஹால் இப்போ இல்லை, அங்கேதான் கேன்டீன் விரிவாக்கம் நிக்குது. யார் எழுதினதுன்னு அண்ணாவுக்கும் தெரியலை, அவர் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி. இப்போ ஓடிக்கிட்டு இருக்கிற நம்ம ஸ்விட்ச்ல ஒரு போர்ட்டுக்குக் கூட அந்த மாதிரி ஒரு வரி கிடையாது. நான் சேர்த்த நாலு போர்ட்டுக்கும் நானும் எழுதலை. அடுத்த வருஷம் யாராவது அதைப் பார்த்துட்டு 'விலான் 30 எதுக்கு?'ன்னு மண்டையைப் பிய்ச்சுக்கப் போறாங்க. பவரைப் பிடுங்கினதுல போர்ட் செட்டிங் எல்லாம் போயிடுச்சு, ஆனா விலான் பேர் தனி ஃபைல்ல இருக்கும், அது போகலை. என் தப்போட ஒரு துண்டு இன்னும் உள்ளே கிடக்கு.

அதனால நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. புது லேப் வேண்டாம், ஃபண்ட் வேண்டாம். அந்த நாலு பழைய ஸ்விட்சை ஒரு மேஜை மேல வைங்க. காலேஜ் நெட்வொர்க்குக்கு ஒரு கேபிள் கூடப் போக வேண்டாம். நெட்வொர்க்ஸ் லேப்ல ரெண்டே ரெண்டு வாரம் கொடுங்க. ஒரு டீம் கான்ஃபிகர் பண்ணட்டும், அடுத்த டீம் அதை வேணும்னே கெடுக்கட்டும், மூணாவது டீம் எழுதி வச்சதை மட்டும் படிச்சு சரி பண்ணட்டும். வைவாவில் ஓஎஸ்ஐ லேயர் ஏழையும் ஒப்பிக்கச் சொல்றதுக்குப் பதிலா, 'நீ கெடுத்தது என்ன, எப்படிக் கண்டுபிடிச்சே?'ன்னு கேளுங்க. அதோட அந்த மேஜைக்கு அண்ணாவை இன்ஸ்ட்ரக்டரா போடுங்க. ஸ்டாஃப் லிஸ்ட்ல அவர் பேருக்கு நேரா என்ன போட்டிருந்தாலும் சரி, எனக்கு ஸ்விட்ச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

லெட்டர் எழுதி ஹெச்ஓடி டேபிள்ல வச்சிருக்கேன். 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அன்னைக்கு டெஸ்ட் எழுதி நடுவுல நின்னு போன ரெண்டாவது வருஷப் பசங்கள்ல ஒன்பது பேரும் அதில் உண்டு. இன்னும் பதில் வரலை. அதுவரைக்கும் ஒரு ஸ்விட்ச் ஸ்டோர் ரூம்ல அண்ணாகிட்ட இருக்கு. மதியம் ஒண்ணரைக்கு மேல போனீங்கன்னா அவர் ஃப்ரீயா இருப்பார், சாப்பிட்டு முடிச்சிருப்பார். கன்சோல் கேபிளும் கன்வெர்ட்டரும் என் ரூம்ல இருக்கு, யார் வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம், ஒரு பேப்பர்ல பேர் எழுதிட்டுப் போங்க. லேப்டாப் சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க, அந்த ரூம்ல ப்ளக் பாயிண்ட் ஒண்ணுதான் வேலை செய்யும், அதை ஸ்விட்ச் பிடிச்சுக்கும்.